சேலம், ஏற்காடு பக்கம் சந்தையும் தோட்டமும் பார்க்கணும்: எங்க போறது, எப்போ போறது?

நவம்பர் 5, ஞாயிறு, மாலை 6.15 (வாசகர் கேள்வி)

டிசம்பர்ல பெங்களூர்ல இருந்து குடும்பத்தோட சேலம் வர்றோம். ரெண்டு பசங்க, எங்கம்மா, நாங்க ரெண்டு பேர். போன வருஷம் நாசிக் போயிருந்தப்ப திராட்சைத் தோட்டத்துக்குள்ள நடக்க விட்டாங்க, ஒயின் எப்படிப் பண்றாங்கன்னு காட்டினாங்க, பசங்களுக்கு ரொம்பப் பிடிச்சுது. ஏற்காட்டுல ஏரில போட் சவாரி, லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட், மிளகாய் பஜ்ஜி, இதுக்கு மேல ஒண்ணும் இல்லன்னு என் நண்பர் அடிச்சுச் சொல்றார். நெஜமாவா?

நவம்பர் 5, இரவு 9.40

நெஜம் இல்லங்க. சேலத்துலயே பொறந்து வளர்ந்தவங்ககூட பாதிப் பேர் ஏரியச் சுத்திட்டு சாயங்கால பஸ்ல கீழ எறங்கிடறாங்க, அதனால உங்க நண்பர் மேல தப்பு சொல்ல மாட்டேன்.

ஒயின் விஷயத்த முதல்ல முடிச்சிடறேன். உள்ள போய்ப் பார்க்கற மாதிரி ஒயின் ஆலை சேலம் பக்கம் கிடையாது. தமிழ்நாட்டுல திராட்சைன்னா தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்குதான், அந்த பன்னீர் திராட்சைக்கு 2023ல புவிசார் குறியீடு கெடச்சுது, ஆனா அது சாப்பிடற பழமா சந்தைக்குப் போறதுதான் ஜாஸ்தி. ஒயினே பார்க்கணும்னா உங்களுக்குப் பக்கத்துலயே நந்தி மலை இருக்கு, அதுக்கு எங்க ஊருக்கு வர வேண்டியதில்ல.

எங்ககிட்ட இருக்கறது காபி. அதுவும் தொட்டில புளிச்சுத்தான் வருது, அத அப்புறம் எழுதறேன். விடிகாலைல உழவர் சந்தை, அது முடிஞ்சு மலையேறி ஒரு சின்ன குடும்பத் தோட்டம், இந்த ரெண்டுதான் என் பதில். சந்தைல நல்லா பேரம் பேசி வாங்குங்க. தோட்டத்துக்குக் காசெல்லாம் கேக்க மாட்டாங்க, மலைக்காரங்க, எப்ப போனாலும் "வாங்க"ன்னு உள்ள கூப்பிடுவாங்க. ஏற்காட்டுக்கு காபி கொண்டு வந்தது 1840 வாக்குல ஒரு வெள்ளைக்காரக் கலெக்டர்.

நவம்பர் 6, திங்கள், காலை 7.05

நேத்து தூக்கக் கலக்கத்துல பேரம் பேசுங்கன்னு எழுதிட்டேன். கீழ கமெண்ட்ல ஒருத்தர் பிடிச்சிட்டார், அவர் சொன்னது சரி. உழவர் சந்தைல பேரம் கிடையாது. வாசல்ல பலகைல அன்னன்னிக்கு விலை எழுதிப் போட்டிருப்பாங்க, மொத்த விலைக்கு மேலயும் வெளிய கடை விலைக்குக் கீழயும் இருக்கற மாதிரி வைக்கறது. விளைவிச்சவருக்கு மண்டில கிடைக்கறத விட ரெண்டு ரூபா சேர்ந்து வரணும், வாங்கறவங்களுக்கு ரெண்டு ரூபா குறையணும், அந்தச் சந்தைய ஆரம்பிச்சதே அதுக்குத்தான். 1999 நவம்பர் 14ல மதுரை அண்ணா நகர்ல முதல் சந்தை தொறந்தாங்க. 2001க்கு அப்புறம் கொஞ்ச வருஷம் கவனிப்பில்லாம களையிழந்து கெடந்துச்சு, 2006க்குப் பிறகு மறுபடி உசிர் வந்துச்சு. சேலத்துல சூரமங்கலம், அஸ்தம்பட்டி, தாதகாப்பட்டி, அம்மாபேட்டைன்னு இருக்கு. நான் போறது சூரமங்கலம், வீட்டுல இருந்து நடக்கற தூரம்.

கடை போட வாடகை இல்ல, தராசு அங்கயே குடுக்கறாங்க, நிலம் இருக்குன்னு சரிபார்த்து போட்டோ ஒட்டின அடையாள அட்டை குடுத்திருக்காங்க. அந்த அட்டை வச்சிருக்கறவங்க காய்கறி மூட்டைய டவுன் பஸ்ல ஏத்திட்டு வந்தா லக்கேஜ் கட்டணம் கேக்க மாட்டாங்க. காலைல அஞ்சு மணிக்கு எங்க ஸ்டாப்புல நின்னீங்கன்னா பஸ்ஸ விட்டு மொதல்ல எறங்கறது கீரைக்கட்டு, அதுக்குப் பின்னாடிதான் ஆளு.

நவம்பர் 6, மதியம் 1.30

நேரம் கேட்டிருந்தீங்க. ஆறு மணிக்குள்ள போயிடுங்க. எட்டு மணிக்கு மேல கீரை வாடிடும், பத்துக்கு மேல நல்ல தக்காளி இருக்காது. துணிப்பை ரெண்டு, சில்லறை.

நவம்பர் 8, புதன், இரவு 10.20

காபியப் பத்தி எழுதறேன்னு சொன்னேன், கொஞ்சம் நீளமாப் போகும்.

சேர்வராயன் மலைல பறிப்பு நவம்பர்ல ஆரம்பிச்சு ஜனவரி, சில வருஷம் பிப்ரவரி வரைக்கும் இழுக்கும். பெரும்பாலும் அராபிகா. ஏற்காடு கடல் மட்டத்துல இருந்து 1500 மீட்டர் உயரம், அந்தக் குளிரும் நிழலும்தான் அதுக்குத் தோது. செடி தனியா நிக்காது, மேல சில்வர் ஓக்கு, பலா, ஆரஞ்சு, நடுவுல வாழை, சில்வர் ஓக்கு மேல மிளகுக் கொடி ஏறியிருக்கும், அதுக்கெல்லாம் கீழதான் காபி. நிழல எடுத்துட்டா வெயில் பட்ட தண்டத் தேடித்தான் தண்டுத் துளைப்பான் வண்டு வந்து முட்டை போடும், உள்ள பூந்துட்டா செடி போன மாதிரி. அதனால மரத்த எந்தக் கிளை வரைக்கும் கழிக்கலாம்னு யோசிக்கறதே அவங்களுக்கு பாதி வேலை.

பழம் எல்லாம் ஒண்ணாப் பழுக்காது. ஒரே கிளைல செகப்பும் இருக்கும் பச்சையும் இருக்கும், செகப்ப மட்டும் பார்த்துப் பறிக்கணும், பத்துப் பன்னெண்டு நாள் கழிச்சு அதே செடிக்குத் திரும்ப வரணும். பறிச்ச அன்னிக்கே பல்பர்ல போட்டு தோல உரிச்சிடுவாங்க. உரிச்ச கொட்டை மேல வழவழன்னு ஒரு பசை இருக்கும், தண்ணில அலசினாப் போகாது. தொட்டில கொட்டி ஒரு நாள், குளிர் ஜாஸ்தின்னா ஒன்றரை நாள் விட்டுடுவாங்க, அது தானாப் புளிச்சு பசை கழண்டுக்கும். நீங்க நாசிக்ல மோந்து பார்த்த அதே புளிப்பு வாசம்தான், ஆனா இதுல குடிக்க ஒண்ணும் வராது. கை விட்டு ஒரு பிடி அள்ளித் தேய்ச்சா கூழாங்கல்லு மாதிரி சரசரன்னு சத்தம் வரணும், அந்தச் சத்தம் வந்துட்டா கழுவிடலாம். நேரம் தாண்டினா கொட்டைலயே புளிப்பு ஏறி டம்ளர் வரைக்கும் வந்துடும். அப்புறம் களத்துல காயப் போடறது. இதத்தான் பார்ச்மெண்ட்னு சொல்றாங்க.

ஆனா பல்பரும் தொட்டியும் எல்லாருகிட்டயும் கிடையாது. அரை ஏக்கர் ஒரு ஏக்கர்காரங்க பழத்த அப்படியே வெயில்ல காய வச்சு, குலுக்கினா உள்ள கொட்டை கடகடன்னு ஆடற பதம் வந்ததும் மூட்டை கட்டிடுவாங்க. அதுக்குப் பேரு செர்ரி, விலை கம்மி. நான் உங்களக் கூட்டிட்டுப் போக நினைக்கற வீட்டுல பழைய கைப் பல்பர் ஒண்ணு இருக்கு, பக்கத்துல நாலு வீட்டுப் பழமும் அதுலதான் உரியுது.

நவம்பர் 9, வியாழன், காலை 6.50

இன்னொரு திருத்தம். கலெக்டர் விஷயத்துல 1840ன்னு எழுதினது தப்பு. எம்.டி.காக்பர்ன் சேலம் கலெக்டரா இருந்தது 1820கள்ல, காபிய மலைக்குக் கொண்டு வந்தது அந்தக் காலத்துலதான். கிரேஞ்ச் எஸ்டேட்டுல ஆரம்பிச்சது, காபியோட பேரிக்காயும் அவர் கொண்டு வந்து வச்சதுதான். பேரி இன்னமும் மலைல இருக்கு, லொக்கட்டுன்னு ஒரு பழம், அது முன்ன மாதிரி கண்ணுல படறதில்ல. எங்கப்பா சின்ன வயசுல அத ஜோப்புல போட்டுக்கிட்டு எறங்கினதாச் சொல்வாரு.

கலெக்டர் கொண்டு வந்தாருன்னு சுலபமா எழுதிடறோம், நானும் அப்படித்தான் எழுதினேன். குழி வெட்டி நட்டு பறிச்சவங்க வேற. மலைல காலங்காலமா இருக்கறவங்க மலையாளி மக்கள், பேரப் பார்த்து கேரளான்னு நெனச்சுக்காதீங்க, தமிழ் பேசற மலைவாழ் மக்கள், காஞ்சிபுரத்துல இருந்து வந்தோம்னு அவங்களுக்குள்ள ஒரு கதை உண்டு. சாமை, கேழ்வரகு போட்டுட்டு இருந்தாங்க, இப்ப அதோட காபி, மிளகு. மே மாசம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு சுத்துப்பட்டு ஊர் எல்லாம் மேல ஏறும், நடந்தே வர்றவங்க இன்னிக்கும் இருக்காங்க. நான் சொல்ற அந்தக் குடும்பமும் மலையாளிக் குடும்பம்தான். வீட்டுக்காரர எல்லாரும் அண்ணன்னு கூப்பிடுவோம், வீட்டம்மாவ அக்கா.

நவம்பர் 19, ஞாயிறு, மாலை 5.00

மாம்பழம் கேட்டு ரெண்டு பேர் எழுதியிருக்காங்க. டிசம்பர்ல சேலத்துல மாம்பழம் கிடைக்காதுங்க. ஏப்ரல் கடைசில ஆரம்பிச்சு ஜூலை வரைக்கும்தான். மல்கோவா, இமாம்பசந்த், செந்தூரா, குதாதத், சேலம் குண்டு, நடுசாலை, பெங்களூரான்னு சொல்ற கிளிமூக்கு. அந்த நேரத்துல வந்தா கடைவீதிக்குப் போகாம அயோத்தியாப்பட்டணம், வரகம்பாடி பக்கம் தோப்புக்கே போய்க் கேளுங்க. கார்பைடு கல்லு வச்சுப் பழுக்க வைக்கறத எப்பவோ தடை பண்ணியாச்சு, இருந்தும் வருஷா வருஷம் அதிகாரிங்க பறிமுதல் பண்றதாச் செய்தி வருது. தோப்புல காம்போட பறிச்சு, பால் வடிய விட்டு, வைக்கோல்ல அடுக்கி வச்சிருப்பாங்க. காயா வாங்கிட்டு வந்து வீட்டுல பழுக்க வைக்கறதுதான் எனக்குப் பிடிக்கும், மூணாம் நாள் வீடே மணக்கும்.

நவம்பர் 25, சனி, இரவு 11.10

"இவ்வளவு அக்கறையா எழுதறீங்களே, உங்களுக்கு அங்க நிலம் இருக்கா"ன்னு ஒரு அம்மா கேட்டிருந்தாங்க. இப்ப இல்லம்மா. இருந்துச்சு.

வாழப்பாடி தாண்டி எங்கம்மா வீட்டுக்கு ரெண்டு ஏக்கர். குச்சிக்கிழங்கு போடுவாங்க, புத்தகத்துல மரவள்ளின்னு எழுதறது. வரப்போரம் நாலு மாமரம். குச்சிய வெட்டி நட்டா பத்து மாசம் காத்திருக்கணும். பிடுங்கினதும் வச்சிருக்க முடியாது, ரெண்டு மூணு நாள்ல உள்ள கறுத்துடும், அதனால வண்டி நேரா ஜவ்வரிசி பண்ற சேகோ பேக்டரிக்குத்தான் போகணும். அங்க எடை மட்டும் பார்க்க மாட்டாங்க, பாயிண்ட் பார்ப்பாங்க, கிழங்குல எவ்வளவு மாவு இருக்குன்னு. பாயிண்ட்டுக்கு இவ்வளவுன்னுதான் விலை. ஒரு வருஷம் எங்க தாத்தாவோட நானும் லாரில போனேன், எனக்கு பன்னெண்டு வயசு. பக்கத்துக் காட்டுக்காரருக்கு 26 பாயிண்ட் போட்டாங்க, எங்களுக்கு 22. ரெண்டு காடும் ஒரே மண்ணு, ஒரே நாள் நட்டது, ஒரே கிணத்துத் தண்ணி. தாத்தா மறுபடி ஒரு தடவ போட்டுப் பாருங்கன்னு கேட்டாரு, மெஷின்ல இருந்த பையன் நிமிர்ந்துகூடப் பார்க்கல. கிழங்க திருப்பி ஏத்திட்டுப் போக முடியாதுன்னு அவனுக்கும் தெரியும், தாத்தாவுக்கும் தெரியும். குடுத்தத வாங்கிட்டு வந்துட்டாரு. வர்ற வழி முழுக்க எதுவும் பேசல, வாழப்பாடில எனக்கு முறுக்கு வாங்கிக் குடுத்தாரு.

எல்லா ஆலையும் அப்படின்னு நான் சொல்ல வரல. சேகோசர்வ் கூட்டுறவு 1981ல வந்த பிறகு ஜவ்வரிசி விக்கறதுக்கு ஒரு வழி பொறந்துச்சு, சேலம் ஜவ்வரிசிக்கு 2023ல புவிசார் குறியீடும் வந்துடுச்சு, எனக்கு அதுல சந்தோஷம்தான். ஆனா கிழங்கு போட்டவரு தன் விலையத் தானே சொல்ற எடம் அன்னிக்கு எங்க தாத்தாவுக்கு இல்ல. உழவர் சந்தைல ஒரு பெரியவர் பலகையப் பார்த்துட்டு "இன்னிக்கு நம்ம கத்திரிக்கு 30 போட்டிருக்கான்"னு சத்தமாச் சொல்லும்போது எனக்கு அந்த லாரிதான் ஞாபகம் வரும்.

நிலத்த வித்தாச்சு. இப்ப அங்க பிளாட்டு கல்லு நட்டிருக்காங்க.

நவம்பர் 26, ஞாயிறு, காலை 8.15

ராத்திரி எழுதினதப் பார்த்தா கேள்வியவிட்டு எங்கயோ போயிட்டேன். அழிக்கலாம்னு நெனச்சேன், வேண்டாம், இருக்கட்டும்.

பசங்களுக்கு ஆடு மாடு பார்க்கணும்னா கொங்கணாபுரம் சனிச்சந்தை. விடியறதுக்குள்ள ஆட்டு யாவாரம் சூடு பிடிச்சிடும். வேடிக்கை பார்க்கலாம், ஆனா யாவாரம் நடக்கற எடத்துல குறுக்க நிக்காதீங்க.

டிசம்பர் 17, ஞாயிறு, இரவு 10.45

கேள்வி கேட்டவங்க குடும்பத்தோட வந்துட்டுப் போயிட்டாங்க. ரொம்ப நல்ல மனுஷங்க, அத முதல்ல சொல்லிடறேன், அடுத்து எழுதப் போறத அவங்க மேல குத்தமா யாரும் எடுத்துக்கக் கூடாது. குத்தம் என் மேல.

காலைல அஞ்சரைக்கு சூரமங்கலம் சந்தை. அவங்கம்மா அரைக்கீரை, தண்டுக்கீரை, பண்ணைக்கீரைன்னு ஒவ்வொண்ணாப் பேர் சொல்லி எடுத்தாங்க, பெங்களூர்ல எல்லாம் கிடைக்காதாம். கீரை விக்கற பாட்டிகிட்ட உக்காந்து இருபது நிமிஷம் பேசினாங்க, எனக்கே அந்தப் பாட்டி ஊரு எதுன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது, நான் அவங்ககிட்ட எத்தன வருஷமா வாங்கறேன். அப்புறம் மலை. இருபது கொண்டை ஊசி வளைவுல பதினஞ்சாவதுல சின்னவன் வாந்தி எடுத்தான், எலுமிச்சம்பழம் கைல இருந்துச்சு, சமாளிச்சோம்.

தோட்டத்துல அன்னிக்கு முழுப் பறிப்பு. இத நான் முன்னாடியே யோசிச்சிருக்கணும். பார்க்கறதுக்குப் பறிப்பு நாள்தான் நல்லா இருக்கும்னு நானே அந்தத் தேதியச் சொன்னேன். கூலிக்கு ஏழு பேர் வந்திருந்தாங்க. நாங்க போனதும் அக்கா கூடைய எறக்கி வச்சுட்டு வந்தாங்க, காபி போட்டாங்க, பல்பரக் காட்டினாங்க, தொட்டியக் காட்டினாங்க, பசங்க கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் நின்னு பதில் சொன்னாங்க. அண்ணன் பெரியவனக் கூட்டிட்டுப் போய் மிளகுக் கொடி ஏறியிருக்கற மரத்த ஒவ்வொண்ணாக் காட்டினாரு, காட்டெருமை வந்து ஒடிச்சுட்டுப் போன செடியக் காட்டினாரு. ரெண்டரை மணி நேரம். அந்த ரெண்டரை மணி நேரமும் ரெண்டு பேரோட பறிப்பு நின்னுச்சு, வந்த ஏழு பேரையும் மேப்பார்க்க ஆளில்ல.

பசங்களுக்குப் பறிக்க ஆசை. அக்கா சிரிச்சுக்கிட்டே "செகப்பு மட்டும் கண்ணு"ன்னு சொன்னாங்க. அவனுங்க செகப்பும் பறிச்சானுங்க, பச்சையும் பறிச்சானுங்க, கொஞ்ச நேரத்துல ஒருத்தன் மேல ஒருத்தன் எறிஞ்சு வெளாட ஆரம்பிச்சுட்டானுங்க. நாங்க பெரியவங்க எல்லாம் சிரிச்சோம். நானும் சிரிச்சேன்.

கெளம்பி வாசல் கேட் வரைக்கும் வந்தப்பறம் என் தண்ணி பாட்டில விட்டுட்டேன்னு திரும்பிப் போனேன். அக்கா அந்தச் செடிக்கடியில குந்திக்கிட்டு, எலைய ஒதுக்கி ஒதுக்கி, அவனுங்க எறிஞ்ச பழத்த ஒவ்வொண்ணாப் பொறுக்கிட்டு இருந்தாங்க. விடுங்கக்கா நாலு பழம்தானேன்னு சொன்னேன். "நாலு பழம் இல்லம்மா, கீழ கெடந்தா காய்த் துளைப்பான் வண்டு அதுலதான் குடியிருக்கும், அடுத்த வருஷம் மேல ஏறிடும்"னு சொன்னாங்க, தலைய நிமிராமயே. கோவமெல்லாம் இல்ல. தினமும் செய்யற வேலைய சொல்ற மாதிரிதான் சொன்னாங்க. நானும் உக்காந்து பொறுக்கினேன், முக்கால் மணி நேரம் ஆச்சு, வண்டில அவங்க காத்துக்கிட்டு இருந்தாங்க.

டிசம்பர் 18, திங்கள், காலை 6.30

நவம்பர் 5ல "காசெல்லாம் கேக்க மாட்டாங்க, எப்ப போனாலும் வாங்கன்னு கூப்பிடுவாங்க"ன்னு எழுதியிருந்தேன் இல்லையா. அவங்க கூப்பிடுவாங்கங்கறது நெஜம்தான். அதையே நம்ம வசதியா எடுத்துக்கிட்டேன், அதான் தப்பு. நேத்து கெளம்பறப்ப பணம் நீட்டினேன், அண்ணன் கைய பின்னாடி கட்டிக்கிட்டாரு, "வீட்டுக்கு வந்தவங்ககிட்டயா"ன்னு கேட்டாரு.

அதனால போறவங்களுக்கு இப்ப வேற மாதிரி சொல்றேன். முதல்ல போன் பண்ணி "எப்ப வரலாம்"னு அவங்களக் கேளுங்க, நம்ம லீவு நாளச் சொல்லி "அன்னிக்கு வரலாமா"ன்னு கேட்டா முடியாதுன்னு சொல்ல அவங்களுக்கு வாய் வராது. பறிப்பு இல்லாத நாள்ல போங்க, களத்துல காய்ஞ்சுக்கிட்டு இருக்கறதும் பார்க்கறதுக்கு நல்லாத்தான் இருக்கும். ஒரு மணி நேரம் போதும். எதையும் பறிக்க வேணாம். பணம் வாங்க மாட்டாங்க, ஆனா பொருள் வாங்கினா அவங்க சொல்ற விலைக்கு வாங்கலாம் இல்ல, அதுல குறைச்சுக் கேக்காதீங்க.

டிசம்பர் 20, புதன், இரவு 9.00

"காபித்தூள் கிலோ 700 ரூபாயா, டவுன்ல 500க்கே கிடைக்குதே, தோட்டத்துலயே வாங்கினா குறைச்சல்ல வரணும்"னு ஒருத்தர் எழுதியிருக்கார். கோவமா எழுத வேண்டாம்னு ரெண்டு நாள் விட்டு எழுதறேன்.

ஒரு கிலோ காபிக்கொட்டைக்கு ஆறு கிலோ பழம் வேணும். வறுத்தா அதுல ஆறுல ஒரு பங்கு எடை போயிடும். அப்படின்னா ஒரு கிலோ தூளுக்கு ஏழு கிலோகிட்ட பழம், ஒவ்வொண்ணா கையால பறிச்சது. டவுன்ல வாங்கற 500 ரூபாப் பாக்கெட்ட திருப்பிப் பாருங்க, சிக்கரி எவ்வளவுன்னு சின்ன எழுத்துல போட்டிருக்கும். காபி பாதிக்கு மேல, அதாவது 51 சதவீதம் இருந்தாப் போதும்னு சட்டமே சொல்லுது, மிச்சம் 49 வரைக்கும் சிக்கரி சேர்க்கலாம். சிக்கரி ஒரு செடியோட வேரு, காபி கிடையாது. சிக்கரி போட்டாத்தான் டிகாஷன் கெட்டியா வரும்னு எங்க வீட்டுக்காரரும் சொல்வாரு, அது ருசி, அதுல நான் சண்டை போட மாட்டேன். ஆனா ரெண்டையும் ஒரே பொருளா வச்சு விலை கேக்கறது நியாயம் இல்ல.

டிசம்பர் 20, இரவு 9.25

ஏழு பேர் கூலியக் கணக்குல சேர்க்க மறந்துட்டேன். வறுத்து அரைக்கறது, கீழ கொண்டு வர்ற செலவு, அதுவும் இருக்கு.

ஜனவரி 21, ஞாயிறு, மாலை 4.40

பொங்கல் முடிஞ்சு நேத்து நான் மட்டும் மேல போயிட்டு வந்தேன். போன் பண்ணிக் கேட்டுட்டுத்தான் போனேன், அக்காவே "சனிக்கிழமை வா, அன்னிக்குப் பறிப்பு இல்ல"ன்னு சொன்னாங்க. காபி கடைசிப் பறிப்பு முடியப் போகுது, மிளகு ஆரம்பிச்சாச்சு. சில்வர் ஓக்குல மூங்கில் ஏணி சாத்தி ஏறிப் பறிக்கறது, பார்க்கவே எனக்கு அடிவயிறு கலங்குது, அண்ணனுக்கு அறுபது வயசுக்கு மேல ஆச்சு. பச்சை மிளகு மூணு கிலோ காய்ஞ்சா கறுப்பு மிளகு ஒரு கிலோ வரும். கொத்துல ஒண்ணு ரெண்டு செகப்பாத் திரும்பினதும் பறிச்சிடணும், முழுக்கப் பழுக்க விட்டா பறவைக்குப் போயிடும், பறவை மிச்சம் வச்சதும் உதுந்துடும்.

இந்தத் தடவ நான் கைய நீட்டி எதையும் பறிக்கல. களத்துல உக்காந்து அக்காவோட மிளக கொத்துல இருந்து உதுத்தேன், பேசிக்கிட்டே. கை ரெண்டும் சாயங்காலம் வரைக்கும் எரிஞ்சுது. பெரிய பையன் ஓசூர்ல கம்பெனி வேலைல இருக்கான், திரும்பி வரச் சொல்ல மனசு வரலன்னு சொன்னாங்க. சின்னவளுக்குத் தோட்டத்து மேல ஆசை, ஏற்காட்டுலயே இருக்கற தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்துல போய் மிளகு நாத்து பத்தி விசாரிச்சுட்டு வந்திருக்கா. அந்தப் பொண்ணு எங்கிட்ட, "வர்றவங்களுக்கு நானே ஒரு மணி நேரம் சுத்திக் காட்டட்டுமா, ஆளுக்கு நூறு ரூபான்னு வச்சுக்கலாமா, அப்பாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல"ன்னு கேட்டா. அண்ணன் காதுல விழுந்துடுச்சு. எந்திரிச்சுப் போயிட்டாரு. அரை மணி நேரம் கழிச்சு வந்து, "பெரியவங்களுக்கு மட்டும் வாங்கு, கொழந்தைங்களுக்கு வாங்காத"ன்னு சொல்லிட்டு மறுபடி ஏணிக்குப் போயிட்டாரு.

ஜனவரி 22, திங்கள், காலை 7.00

வழி கேட்டு எழுதறவங்களுக்கு இங்க போடமாட்டேன். தனியா எழுதுங்க, நான் அந்தப் பொண்ணக் கேட்டு, அவ சொல்ற தேதிய சொல்றேன். வாரத்துக்கு ஒரு குடும்பம்தான்னு அவ முடிவு பண்ணியிருக்கா.

பிப்ரவரி 11, ஞாயிறு, இரவு 8.20

பெங்களூர்க்காரங்க எழுதியிருக்காங்க, தபால்ல வரவழைச்ச அரைக் கிலோ மிளகுல வெள்ளையாப் பூத்துப் போச்சாம், என்ன பண்றதுன்னு. அவங்க குறையாச் சொல்லல, கேட்டாங்க, அவ்வளவுதான். நான் அக்காவுக்குப் போன் பண்ணினேன். அவங்களே மொதல்ல சொல்லிட்டாங்க: அந்த வாரம் மூணு நாள் மலைல பனியும் மூட்டமும், வெயிலே இல்ல, வீட்டுக்குள்ள விரிச்சுப் போட்டு எடுத்தது, ஈரம் உள்ள நின்னிருக்கும், அதப் பார்க்காம கட்டினது தன் தப்புன்னு.

பூத்தத வெயில்ல போட்டு எடுத்துக்கலாமான்னு கேட்டீங்க. வேணாங்க, பூசணம் வந்துட்டா பயன்படுத்தாதீங்க, தூரப் போட்டுடுங்க. அக்கா வேற அரைக் கிலோ எடுத்து வச்சுட்டாங்க, இந்தத் தடவ கடிச்சா பட்டுனு ஒடையற வரைக்கும் காய வச்சாங்களாம். ஞாயித்துக்கிழமை மேல போறேன், வாங்கிட்டு வந்து நானே அனுப்பிடறேன். வந்ததும் பிளாஸ்டிக் கவர்லயே விட்டுடாம, ஒரு மதியம் வெயில்ல காட்டிட்டு கண்ணாடி ஜாடில போட்டு வையுங்க. தபால் செலவ எங்கிட்ட கேக்காதீங்க, அக்கா குடுத்துட்டாங்க, எவ்வளவு சொல்லியும் திருப்பி வாங்க மாட்டேங்கறாங்க.